கேட்டலும் காண்டலும்: கொன்யாவின் ஸமா

மௌலவி தரீக்காவினரின் சுழற்சியை உலகம் ஆடல் என்றே அழைக்கிறது. அவர்கள் அதற்கு இட்ட பெயரோ 'ஸமா'. அரபியில் இதற்குக் கேட்டல் என்பது பொருள். கண்ணுக்கு விருந்தாகும் ஒன்று செவியின் பெயரைத் தாங்கி நிற்பது ஏன்? தமிழில் 'கேள்வி' என்னும் சொல் கேட்டறிதலைக் குறித்ததையும், வள்ளுவர் அதற்குத் தனி அதிகாரமே வகுத்ததையும் அறிந்த நமக்கு இப்பெயர் அயலாகத் தோன்றாது. கேட்டலே முதல், உடலின் அசைவு அதன் விளைவு.

மௌலானா ஜலாலுத்தீன் ரூமி 1273 டிசம்பர் 17 அன்று கொன்யாவில் மறைந்தார். அவர்தம் மகனார் சுல்தான் வலதும் வழிவந்தோரும் ஸமாவுக்கு ஒழுங்கு வகுத்தனர். இசை கேட்டல் ஆகுமா ஆகாதா என்னும் வாதம் அதற்கும் முந்தியது. இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா'வில் ஸமாவுக்கென ஒரு நூற்பகுதியையே ஒதுக்கினார். உள்ளத்தில் இல்லாததை இசை கொண்டுவந்து சேர்ப்பதில்லை, இருப்பதையே கிளறுகிறது என்பது அவர் கருத்து. எனவே பாடுவோனைக் காட்டிலும் கேட்போனே அங்கு சோதனைக்கு உள்ளாகிறான். இதனை நாம் மறத்தலாகாது.

நிகழ்ச்சியின் அமைப்பும் இதற்கேற்பவே உள்ளது. தொடக்கத்தில் எவரும் சுழல்வதில்லை. 1712இல் மறைந்த இத்ரீ இசையமைத்த நபிபுகழ்ப் பாடலை ஒருவர் பாட, மற்றையோர் அமர்ந்து கேட்கின்றனர். அடுத்து 'குதூம்' என்னும் சிறுமுரசின் ஒலி. அதனை 'ஆகுக' என்னும் இறையாணையாகக் கொள்வர். பின்னர் 'நெய்' என்னும் நாணற்குழல் தனித்து ஒலிக்கிறது. ரூமியின் மஸ்னவி இக்குழலின் பிரிவுத் துயரோடு தொடங்குவதை அறிந்தவர்க்கு இவ்விடம் வெறும் முன்னிசையன்று. மும்முறை வலம்வந்து ஒருவரையொருவர் வணங்கிய பின்னரே கரிய மேலங்கியைக் களைகின்றனர். அங்கி மண்ணறை, வெண்ணிற ஆடை கஃபன், நெடிய கம்பளித் தொப்பி மீஸான் கல் என்பது அவர்தம் விளக்கம். கைகளை மார்பில் குறுக்காக வைத்து அலிஃப் எழுத்தைப் போல் நிமிர்ந்து நின்று, இடக்காலை ஊன்றிச் சுழல்கின்றனர். வலக்கை வானோக்கும், இடக்கை மண்ணோக்கும். 'ஸலாம்' எனப்படும் நான்கு சுற்றுகள் முடிந்ததும் திருக்குர்ஆன் ஓதப்படுகிறது.

இச்சுழற்சி எளிதில் வருவதன்று. சிறு பலகையில் அடித்த ஆணியை இடக்காலின் முதலிரு விரல்களுக்கிடையே பற்றி, உப்புத் தூவிய பலகைமீது பழகுவர். முழு முரீதாக விரும்பியவர் மடத்தின் சமையற்கட்டைச் சார்ந்து 1001 நாள் பணிபுரிய வேண்டியிருந்தது. பாத்திரம் துலக்கியவனே இசை கேட்கவும் பழகினான் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

1925 நவம்பரில் துருக்கிக் குடியரசின் 677ஆம் சட்டம் தரீக்கா மடங்கள் அனைத்தையும் மூடியது. ஷைகு, தர்வேஷ் முதலிய பட்டங்களும் தடைசெய்யப்பட்டன. இஸ்தான்புல்லில் 1491இல் எழுந்த கலாத்தா மடம் பிற்காலத்தில் அருங்காட்சியகமாயிற்று. 1950களில் கொன்யாவில் ரூமியின் நினைவு நாளையொட்டி ஸமா மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் வழிபாடாக அன்று, பண்பாட்டு நிகழ்ச்சியாக! நெடுங்காலம் அது விளையாட்டு அரங்கிலேயே நடைபெற்றது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் முரீதுகள் அல்லர், கலைஞர்கள். கேட்போர் இருந்த இடத்தில் நுழைவுச்சீட்டுப் பெற்ற காண்போர் வந்தமர்ந்தனர்.

இதனை வீழ்ச்சி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவாரோடு நாம் உடன்படவில்லை. மேடை இல்லையேல் இத்ரீயின் இசையும் நெய்யூதும் மரபும் என்னவாயிருக்கும்? மறுபுறம், 2005இல் இதனை மானுடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்த யுனெஸ்கோவே, சுற்றுலாப் பயணியர்க்காக நிகழ்ச்சி சுருக்கப்படுவதையும் எளிமையாக்கப்படுவதையும் கவலையுடன் குறித்துள்ளது. உணவகங்களில் உணவுக்கிடையே ஒருவர் வந்து சில நிமிடம் சுழன்று போவதுண்டு. அங்கு நபிபுகழும் இல்லை, குழலின் ஏக்கமும் இல்லை. கேட்டல் நீங்கிய ஸமா அது. கெய்ரோவின் 'தன்னூரா' ஆட்டத்தை இதனோடு சேர்த்துப் பழிப்பதும் முறையன்று. பலவண்ணப் பாவாடைகளைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றும் அவ்வாட்டம் தன்னைக் காட்சி என்றே கூறிக்கொள்கிறது. அந்நேர்மை அதற்கு உண்டு.

கொன்யாவில் அரசு ஊதியம் பெறும் குழுவினரே இன்று ஸமா நிகழ்த்துகின்றனர். சம்பளம் பெற்றுச் சுழல்வோன் உள்ளத்தில் இறைநினைவு இராது என்று யார் அறுதியிட்டுக் கூறவியலும்? கஸ்ஸாலியின் அளவுகோல் புறத்தே நிற்பவர் கையில் தரப்பட்டதன்று. அது அவரவர் தம்மை அளந்துகொள்வதற்கானது. இருக்கையில் அமர்ந்திருப்போர்க்கும் அதுவே பொருந்தும். ஸமா நடைபெறும் அரங்குகள் பலவற்றில் கைதட்ட வேண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கின்றனர். ஓதல் முடிந்ததும் சுழன்றோர் கரிய அங்கியை மீண்டும் போர்த்து, தலைவணங்கி, ஒருவர்பின் ஒருவராக வெளியேறுகின்றனர். அதுவரை பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் அந்த அமைதியைச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறது.