புள்ளிக்கு நேரே புள்ளி: பட்டறையில் தசமக் கழித்தல்



பெருமாட்டி, சித்தூர் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பல பிள்ளைகள் ஐ.டி.ஐ. படித்துவிட்டு வண்டி ஒர்க்ஷாப் வேலைக்குப் போகிறார்கள். ஸ்பானர் பிடிக்க விரைவில் பழகிவிடுகிறார்கள். அளவெடுத்துக் கழிக்கும்போதுதான் சிலர் தடுமாறுகிறார்கள். பள்ளியில் மலையாளத்தில் தசாம்சம் என்று படித்திருப்பார்கள். தமிழில் தசமம் என்கிறோம். பெயர் எதுவானாலும் புள்ளியின் வேலை ஒன்றுதான். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதைப் பாடமாகவே எழுதுகிறேன்.

நமக்குத் தெரிந்த ரயில் பாதையிலிருந்தே தொடங்குவோம். மீனாட்சிபுரம் வழியாகச் செல்லும் பாலக்காடு–பொள்ளாச்சி பாதை முன்பு மீட்டர்கேஜ். தண்டவாளங்களுக்கு இடையே 1 மீட்டர். அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2015-இல் மீண்டும் திறக்கப்பட்டது, இப்போது 1.676 மீட்டர். எவ்வளவு கூடியது? 1.676-இன் கடைசி 6-க்குக் கீழே 1-ஐ எழுதினால் 1.675 என்று வரும். அது தவறு. 1 என்பது 1.000. புள்ளிக்கு நேரே புள்ளி வைத்துக் கழித்தால் 0.676 மீட்டர், அதாவது 676 மில்லிமீட்டர்.

மூன்று விதிகளை மனத்தில் வையுங்கள்.

1. இரண்டு அளவுகளும் ஒரே அலகில் இருக்க வேண்டும்.
2. புள்ளிக்கு நேரே புள்ளி வைத்து, குறையும் இடங்களில் பூஜ்யம் இட்டு நிரப்ப வேண்டும்.
3. விடையைக் கழித்த எண்ணோடு கூட்டினால் முதல் எண் திரும்ப வர வேண்டும்.

முதல் கணக்கு: பிரேக் டிஸ்க்

கார் டிஸ்க் தேயத் தேய மெலியும். இதற்கு மேல் மெலியக் கூடாது என்ற குறைந்தபட்ச கனத்தைப் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். ஒரு டிஸ்க்கில் 20.4 மி.மீ. என்று இருப்பதாகக் கொள்வோம். தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் தேயாத விளிம்பு ஒன்று மேடாக நிற்கும். காலிப்பரின் தாடை அதன்மேல் உட்கார்ந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஆகவே மைக்ரோமீட்டரை விளிம்புக்கு உள்ளே வைத்து, சுற்றிலும் பல இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அளவு 20.41 என்று வருகிறது. 'தப்பித்தோம்' என்று டிஸ்க்கை மாட்டிவிடாதீர்கள். மைக்ரோமீட்டரை வெறுமனே மூடிப் பாருங்கள். பூஜ்யம் காட்டாமல் 0.03 காட்டினால் அது கருவியின் பூஜ்யப் பிழை. அதைக் கழிக்க வேண்டும்.

20.41 − 0.03 = 20.38

இப்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. 38 பெரியதா, 4 பெரியதா என்று பார்க்கும் பையன் 20.38 தான் பெரியது என்பான். 20.4 என்பதை 20.40 என்று எழுதச் சொல்லுங்கள்.

20.40 − 20.38 = 0.02

டிஸ்க் எல்லைக்குக் கீழே 0.02 மி.மீ. போய்விட்டது. கழற்றிப் போட வேண்டியதுதான். நெல்லியாம்பதி மலைப்பாதையில் இறங்கும் வண்டியில் குடும்பமே உட்கார்ந்திருக்கும்.

இரண்டாம் கணக்கு: லைனரும் பிஸ்டனும்

டிராக்டர் எஞ்சின் ஒன்றைப் பிரிக்கிறோம். லைனரின் உள்விட்டம் 100.12 மி.மீ.; பிஸ்டனின் விட்டம் 99.875 மி.மீ. இடைவெளி எவ்வளவு?

100.120
− 99.875
———
0.245

பூஜ்யம் இடாதவர்கள் கடைசி 5-ஐ அப்படியே கீழே இறக்கி 0.255 என்று எழுதுவார்கள். இந்தக் கணக்குக்கு அனுமதி எல்லை 0.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். (உண்மையான எல்லை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், மேனுவலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.) சரியான விடைப்படி எஞ்சின் இன்னும் எல்லைக்குள் இருக்கிறது. தவறான விடைப்படி லைனரும் பிஸ்டனும் புதிதாக வாங்க வேண்டும். உழவு நேரத்தில் ஒரு விவசாயிக்கு அது வீண் செலவு.

டிஸ்க் கணக்கில் தவறினால் உயிருக்கு ஆபத்து. லைனர் கணக்கில் தவறினால் பணத்துக்கு நஷ்டம். இரண்டுக்கும் காரணம் இடாமல் விட்ட ஒரு பூஜ்யம்தான்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் 37 ரூபாய் 75 காசுக்குச் சாமான் வாங்கி 50 ரூபாய் கொடுத்தால் மீதி 12.25 என்று உங்கள் பிள்ளை உடனே சொல்வான். 50 என்பதை 50.00 என்று அவன் மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. மில்லிமீட்டரிலும் அதே கணக்குத்தான் என்று சொல்லிக்கொடுங்கள், பயம் போய்விடும்.

வீட்டுக் கணக்குகள்

1. கார் டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது சட்டம். இப்போது 2.15 மி.மீ. உள்ளது. இன்னும் எவ்வளவு தேயலாம்?
2. ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.8 மி.மீ. இருக்க வேண்டும், 1.05 உள்ளது. எவ்வளவு அதிகம்?
3. ரயில் பெட்டியின் ஓர் அச்சில் உள்ள இரு சக்கரங்களையும் கடைசல் செய்தபின், விட்ட வித்தியாசம் 0.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒன்று 880.3, மற்றது 879.85. தேறுமா?

விடைகள்: 1) 0.55 மி.மீ. 2) 0.25 மி.மீ. 3) வித்தியாசம் 0.45 மி.மீ.; தேறும்.

விடையைப் பார்க்குமுன் பிள்ளைகளைத் தாளில் எழுதிப் போடச் சொல்லுங்கள். கால்குலேட்டர் பிறகு சரிபார்க்க இருக்கட்டும்.