சினையா, பொய்ச்சினையா?

மாணவர்களே, கோல சிலாங்கூர் தோட்டப்புறங்களில் பல வீடுகளில் நாய் வளர்க்கிறார்கள். உங்கள் சிறிய பெண் நாயின் வயிறு பெருத்து, பால்காம்புகள் தடித்திருந்தால் அது சினைதான் என்று சொல்லிவிடலாமா? முடியாது.

பருவம் முடிந்தபின், சினையானாலும் ஆகாவிட்டாலும், நாயின் இரத்தத்தில் புரோஜெஸ்தரோன் ஹார்மோன் ஏறத்தாழ 2 மாதம் மிகுந்திருக்கும். அது குறையும்போது, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் கூடும். அதனால் இணைசேராத நாய்க்கும் பால் சுரக்கலாம். துணிகளை இழுத்துப் படுக்கை அமைக்கலாம். இதுவே பொய்ச்சினை.

மருந்துக்கடையில் விற்கும் கர்ப்பச் சோதனைக் குச்சியும் உதவாது. அது கண்டறியும் எச்.சி.ஜி. ஹார்மோன் நாய்க்குச் சுரப்பதில்லை.

சரியான வழி என்ன? இணைசேர்ந்த நாளைக் குறித்து வையுங்கள். சினைக்காலம் சுமார் 63 நாள்.

• 4 வாரத்திற்குப் பின்: ஸ்கேனில் குட்டிகளின் இதயத்துடிப்பு தெரியும்.
• 30 நாளுக்குப் பின்: நஞ்சுக்கொடி சுரக்கும் ரிலாக்சினை இரத்தச் சோதனை காட்டும்.
• 55ஆம் நாள் அளவில்: எலும்புகள் இறுகிவிடுவதால் எக்ஸ்ரேயில் குட்டிகளை எண்ணலாம்.

நீங்களாக வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். கருவுக்குக் காயம் ஏற்படலாம்.

சிறிய நாய்க்கு இந்த எண்ணிக்கை உயிர் காக்கும். அதன் இடுப்பெலும்பு வழி குறுகலானது. குட்டியின் தலை சிக்கிக்கொள்ளலாம். எக்ஸ்ரேயில் 3 குட்டிகள் இருந்து 2 மட்டுமே பிறந்தால், உள்ளே இன்னொன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். தோட்டத்திலிருந்து பட்டணம் போகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

பயிற்சி: மார்ச் 1ஆம் தேதி இணைசேர்ந்த நாய் எந்தத் தேதியையொட்டிக் குட்டி போடும்? (விடை: மே 3)