தொண்டையில கரகர சத்தமா? கஷாயம் வைக்கிறதுக்கு முன்னாடி காதைக் கொடு

"அக்கா, மூச்சு விட்டா தொண்டையில கரகரன்னு கேக்குது, என்ன குடிக்கட்டும்?" எடுத்த உடனே இதுதான் கேள்வி. கொஞ்சம் பொறு தங்கச்சி. மூக்குலேருந்து நுரையீரல் அடி வரைக்கும் ஒரே பாதை. அதுல எங்க அடைச்சாலும் சத்தம் தொண்டையில கேக்கற மாதிரியே இருக்கலாம். எங்கேருந்து வருதுன்னு தெரியாம எதைக் குடிச்சும் புண்ணியமில்ல.

நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவ. மார்கழி மாசம், எங்க மாமனாருக்குப் படுத்தாலே கொளகொளன்னு சத்தம். பனி ஒத்துக்கலைன்னு தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு, மிளகுக் கஷாயம்னு மூணு வாரம் ஓட்டினேன். ஒரு தலையணை ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு, கடைசியில மனுஷர் ஈசி சேர்லயே தூங்க ஆரம்பிச்சார். சாயங்காலம் செருப்பைக் கழட்டினா வார் பட்ட இடம் பள்ளமா அப்படியே நிக்கும். அதையும் பார்த்துட்டு ரசத்துல மிளகைக் கூட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும்! டாக்டர் முதுகுல ஸ்டெத்தை வச்சுக் கேட்டுட்டு, "இது சளி இல்லம்மா, இதயம் பலமா பம்ப் பண்ணல, நுரையீரல்ல நீர் கோத்திருக்கு"ன்னார். நான் ஊத்தி ஊத்திக் கொடுத்த ரசத்துல இருந்த உப்புதான் அவருக்கு ஆகவே ஆகாத சாமான்.

அதனால சொல்றேன், இந்த வரிசையில பாரு.

1. முதல்ல இருமு. வெதுவெதுப்பா ரெண்டு வாய் தண்ணி குடிச்சுட்டு நல்லா இருமித் துப்பு. சத்தம் போயிடுச்சா? சளிதான். நம்ம மூக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் சளி சுரக்குது, தெரியாமலே முழுங்கிடறோம். ஜலதோஷம், தூசி அலர்ஜின்னா அது கெட்டியாகி மூக்குக்குப் பின்னால தொண்டையில இறங்கி நிக்கும். உப்புத் தண்ணியில கொப்பளி, தண்ணி நிறைய குடி. நிமிஷத்துக்கு ஒரு தரம் கனைக்காதே. கனைக்கக் கனைக்கத் தொண்டை புண்ணாகி இன்னும் சளி கட்டும். கனைக்கத் தோணும்போது ஒரு வாய் தண்ணி முழுங்கிடு.

2. இருமியும் போகலையா? மூச்சை உள்ள இழுக்கறப்ப வருதா, வெளிய விடறப்ப வருதான்னு கவனி.
• விடறப்ப விசில் மாதிரி வந்தா, நெஞ்சுக்குள்ள இருக்கிற சின்னக் குழாய்கள் சுருங்கியிருக்கு. ஆஸ்துமாவா இருக்கலாம். "இன்ஹேலர் போட்டா பழகிடும்"னு தள்ளிப் போடாதே. அது வெறும் பயம்.
• இழுக்கறப்ப கரடுமுரடா வந்தா, அடைப்பு மேலே, குரல்வளை கிட்ட. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தா ராத்திரி பன்னெண்டு மணின்னாலும் கிளம்பு.
• காதுகிட்ட தலைமுடியை ரெண்டு விரலால தேய்ச்சுப் பாரு. அந்த மாதிரி மொறமொறப்பு நிமோனியாவுலயும் நீர் கோத்தாலும் நுரையீரல்ல கேக்கும். அது பெரும்பாலும் ஸ்டெத்துக்குத்தான் எட்டும். 1816ல பாரிஸ்ல லென்னெக்குங்கிற டாக்டர் காகிதத்தைச் சுருட்டி நெஞ்சுல வச்சுக் கேட்டதுலதான் அந்தக் கருவியே பிறந்தது. நீ முதுகுல காதை வச்சுக் கேட்டுட்டு "ஒண்ணுமில்ல"ன்னு தீர்ப்பு சொல்லாதே.

3. போன்ல ரெகார்ட் பண்ணு. டாக்டர் முன்னாடி உட்கார்ந்தா சத்தம் வராது, அது சாமி சத்தியம். குழந்தைன்னா சட்டையைக் கழட்டிட்டு விலா எலும்பு தெரியற மாதிரி அரை நிமிஷம் வீடியோ எடு. அப்புறம் தூங்கறப்பவோ அழாம இருக்கறப்பவோ முழுசா ஒரு நிமிஷம் மூச்சை எண்ணு. ரெண்டு மாசத்துக்குள்ள 60, ஒரு வயசுக்குள்ள 50, அஞ்சு வயசுக்குள்ள 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ காத்திருக்காதே. பெரியவங்களுக்கு 12லேருந்து 20 வரைக்கும் சரி.

4. ஒன்பதரைக்கு தோசை, பத்து மணிக்குப் படுக்கையா? அப்ப வயித்துப் புளிப்பு மேல ஏறித் தொண்டையை அரிக்கும். நெஞ்செரிச்சலே இல்லாமலும் வரும். காலையில குரல் கம்மும், தொண்டையில உருண்டை நிக்கிற மாதிரி இருக்கும். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ரெண்டு மூணு மணி நேரம் விடு. தலைமாட்டுப் பக்கம் கட்டில் காலுக்கடியில செங்கல் வை. தலையணையை அடுக்காதே, அது கழுத்தையும் வயித்தையும் மடக்கும், புளிப்பு இன்னும் ஏறும்.

5. கைக்குழந்தை வீட்டுல நான் திட்டத்தான் போறேன்.
• மூக்குல எண்ணெய் விடாதே. அது நுரையீரலுக்கே இறங்கி நிமோனியாவை இழுத்து விடும்.
• குளிப்பாட்டிட்டு சாம்பிராணிப் புகையில காட்டறது மணமாத்தான் இருக்கும், பிஞ்சு நுரையீரலுக்கு அதுவும் புகைதான். கொசுவர்த்தியும் அப்படியே.
• தொக்கம் எடுக்கறேன், கோழை எடுக்கறேன்னு தொண்டைக்குள்ள விரல் விட யாரையும் விடாதே. மாமியார் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும், பழியை என் மேல போடு.
• ஒரு வயசுக்குள்ள தேன் வேண்டாம். நாலு வயசுக்குள்ள கடையில கேட்டு வாங்கின சளி சிரப் வேண்டாம்.
• கொதிக்கிற பாத்திரத்தை மடியில வச்சு ஆவி பிடிக்க வேண்டாம். கவிழ்ந்தா தோல் வெந்துடும்.
பால் நல்லா குடிச்சு, எடை ஏறி, நிம்மதியா தூங்கற குழந்தைக்கு மூக்குல லேசா கொர்கொர்னு வந்தா பதறாதே. மூக்கு ஓட்டையே சின்னது.

6. விளையாடிக்கிட்டே வேர்க்கடலை சாப்பிட்ட குழந்தை திடீர்னு புரையேறி, அதுலேருந்து சத்தம் வருதா? இருமல் நின்னுட்டாலும் போயே ஆகணும். கடலை மூச்சுக்குழாய்ல போய் உட்கார்ந்தாலும் சில சமயம் வெளிய ஒண்ணுமே தெரியாது. கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வாய்க்குள்ள விரல் விடாதே, இன்னும் உள்ள தள்ளிடுவே.

7. போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்? தொடாதே.

8. இருமல் ரெண்டு வாரம் தாண்டினா ஆரம்ப சுகாதார நிலையத்துல சளிப் பரிசோதனை. டிபிக்கு இலவசமாவே பார்க்கறாங்க, வெக்கப்படாதே. குரல் மூணு வாரமா கம்மியிருந்தா, முக்கியமா வீட்டுல சிகரெட், பீடி பிடிக்கிறவங்கன்னா, காது மூக்கு தொண்டை டாக்டர்.

9. உடனே 108: உதடு நீலமாச்சு, ஒரு வாக்கியத்தை முழுசா பேச முடியல, எச்சில் முழுங்க முடியாம வழியுது, மூச்சு இழுக்கறப்ப விலா குழியுது, நெஞ்சுவலி, இருமினா ரத்தம். இதுக்கெல்லாம் ஆட்டோ பேரம் பேசிட்டு நிக்காதே.

10. இதய வீக்னஸ் இருக்கிறவங்க வீட்டுல ஒரு எடை மிஷின் வாங்கி வை. காலையில பாத்ரூம் போயிட்டு வந்ததும், காபிக்கு முன்னாடி நிக்க வை. மூணு நாள்ல ரெண்டு கிலோவுக்கு மேல ஏறினா அது சதை இல்ல, தண்ணி. டாக்டருக்குப் போன் போடு. எங்க மாமனார் காலண்டர்லயே தினமும் குறிச்சு வைக்கிறார். இப்ப ஒரே தலையணைதான். ரசத்துல உப்பு இல்லைன்னு தினமும் என்கிட்ட சண்டை.