மல்டிமீட்டர் வாங்குமுன்

தில்லியின் லஜபத் ராய் சந்தை, மும்பையின் லேமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு என எங்குச் சென்றாலும், மின்னணுப் பொருள்கள் விற்கும் கடைகளில் மல்டிமீட்டர்கள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒன்றின் விலை சில நூறு ரூபாய். அருகில் இருப்பதன் விலை பல ஆயிரம் ரூபாய். பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு பெரும்பாலும் உள்ளே இருக்கிறது.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் அளப்பதற்கு ஒருகாலத்தில் தனித்தனிக் கருவிகளைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. பிரிட்டனில் அஞ்சல் துறைப் பொறியாளராக இருந்த டொனால்ட் மெக்காடி, மூன்றையும் ஒன்றாக இணைத்தார். அவர் உருவாக்கிய ‘ஏவோ மீட்டர்’ 1923ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயராயின.

மல்டிமீட்டர் வாங்குவோர் விலையைக் கேட்பதற்கு முன், அதனால் எதை அளக்கப் போகிறோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1.5 வோல்ட் மின்கலத்தையும் சிறு விளக்கையும் கொண்டு செய்முறை செய்யும் மாணவருக்கு மலிவான மீட்டரே போதும். கம்பி அறாமல் இருந்தால் ஒலியெழுப்பிக் காட்டும் வசதி அதில் இருப்பது நலம். பழுதான கைவிளக்கையோ பொம்மையையோ ஆராய அதுவே மிகவும் உதவும். அளவு வரம்பைத் தானே தேர்ந்துகொள்ளும் மீட்டர்களும் உண்டு. அவ்வசதி இல்லாமை மாணவருக்குக் குறையன்று. 2 வோல்ட், 20 வோல்ட், 200 வோல்ட் எனக் குமிழைத் தாமே திருப்பும்போதுதான் வரம்பு என்பதன் பொருள் மனத்தில் பதியும்.

வீட்டு மின்சாரத்தின் நிலை வேறு. அதன் அழுத்தம் 230 வோல்ட். மின்வழியில் திடீரென அதைவிடப் பன்மடங்கு உயர்ந்த அழுத்தமும் எழக்கூடும். அதைத் தாங்கும் திறனை, மீட்டரின் மீது ‘கேட்’ என்னும் குறியும் ரோமன் எண்ணும் காட்டும். பிளக் பாயிண்ட்டில் அளக்கக் குறைந்தது கேட் 2, வீட்டின் மின்பகிர்வுப் பலகையில் அளக்கக் கேட் 3 தேவை. குறி அச்சிடப்பட்டிருப்பது மட்டும் சான்றாகாது. ஆய்வகம் ஒன்று சோதித்துத் தந்த முத்திரையையும் பார்த்தல் வேண்டும். அளவுக் கம்பிகளுக்கும் அதே தகுதி தேவை. இதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

மலிவான மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு மின்னுருகியே இல்லை. சிவப்புக் கம்பியை அத்துளையில் மறந்து விட்டுவிட்டு, பிளக் பாயிண்ட்டின் மின்னழுத்தத்தை ஒருவர் அளக்க முனைந்தால், மீட்டர் வெறும் கம்பித்துண்டுபோல் ஆகிவிடும். குறுக்குச்சுற்று ஏற்பட்டுக் கருவி வெடிக்கலாம், கையும் கருகலாம். எனவே பணம் குறைவாயின் வெப்பநிலை அளவி, திரை விளக்கு போன்றவற்றை விட்டுவிடலாம், மின்னுருகியை விடலாகாது. இன்வெர்ட்டர் பழுது பார்ப்போருக்கு, சீரற்ற அலையையும் சரியாக அளக்கும் ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’ வகை தேவைப்படும். ஏனையோர் அதற்குச் செலவிட வேண்டியதில்லை.

மலிவான மீட்டர் ஒன்றே வீட்டில் இருந்தால், அதை மின்கலங்களுக்கு மட்டும் என ஒதுக்கி வைத்துவிட்டு, சுவர் மின்சாரத்தை மின்பணியாளரிடம் ஒப்படைப்பதே தக்கது.

சொற்பொருள்
மின்னுருகி – ஃபியூஸ்
குறுக்குச்சுற்று – ஷார்ட் சர்க்யூட்
மின்கலம் – பேட்டரி செல்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: மின்னழுத்தம், முதலெழுத்து.
2. 10 ஆம்பியர் துளையில் மின்னுருகி இல்லாமையால் நேரும் தீங்கு யாது?
3. மல்டிமீட்டர் வாங்கச் செல்லும் உறவினர் ஒருவர், கடைக்காரரிடம் கேட்க வேண்டிய மூன்று வினாக்களை எழுதித் தருக.