பொம்மை இல்லை என்று சொன்னவள்

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதத்தில் பாதி ரேய் அயனாமியைப் பற்றித்தான். அவளைப் போல இருந்துவிட்டால் நிம்மதி என்று எழுதியிருக்கிறாய். யாரோடும் பேச வேண்டாம், யார் என்ன சொன்னாலும் உறைக்காது, முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற வீட்டில், வருகிறவர் போகிறவர் எல்லாம் "அடுத்து என்ன?" என்று கேட்கும்போது அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் உன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிற ரேய் வேறு, கதைக்குள் இருக்கிற ரேய் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ரேய் வருகிற 'நியான் ஜெனிசிஸ் எவாங்கேலியன்' 1995 அக்டோபரில் தொடங்கி 1996 மார்ச்சில் முடிந்த ஜப்பானிய அனிமே தொடர். 26 எபிசோடுகள். இயக்கியவர் ஹிதேஆகி அன்னோ. மேலோட்டமாகப் பார்த்தால், 'எவா' என்கிற ராட்சத உருவங்களுக்குள் ஏறிப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் சண்டை போடுகிற கதை. அன்னோவுக்கு அந்தச் சண்டையைவிட, சண்டைக்கு அனுப்பப்படுகிற பிள்ளைகளின் மனம்தான் முக்கியம். அதனால்தான் கடைசி இரண்டு எபிசோடுகளில் சண்டையே கிடையாது.

ஐந்தாவது எபிசோடை நினைத்துப் பார். ரேயின் புதிய அடையாள அட்டையைக் கொடுக்க, அவளைப் போலவே எவா ஓட்டுகிற ஷின்ஜி அவள் வீட்டுக்குப் போகிறான். பூட்டாத கதவு. பூச்சு இல்லாத கான்கிரீட் சுவர். ரத்தக் கறை படிந்த கட்டுத்துணிகள். தண்ணீர் குடிக்க டம்ளர்கூட இல்லை, ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவைதான் இருக்கிறது. அந்த அறையில் அவளாக எடுத்து வைத்துக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்று: விரிசல் விட்ட மூக்குக் கண்ணாடி. அதுவும் அவளுடையது இல்லை. விபத்தில் சிக்கிய அவளைக் காப்பாற்ற, கொதிக்கிற கதவைக் கையால் திறந்த தளபதி கெண்டோ இகாரியின், அதாவது ஷின்ஜியின் அப்பாவின், கண்ணாடி அது. யாரோ ஒருவர் தனக்காகக் கையைச் சுட்டுக்கொண்டார் என்பதற்கு அவளிடம் இருக்கிற ஒரே சாட்சி. அறையின் அந்த வெறுமையைத்தான் நீ அமைதி என்று எடுத்துக்கொண்டாய். எனக்கென்னவோ அதைப் பார்க்கும்போதெல்லாம், இவளுக்கு ஒரு தலையணை உறையாவது வாங்கிக் கொடுக்க ஆளில்லையா என்றுதான் ஆத்திரம் வரும்.

அடுத்த எபிசோடில், போருக்குச் சற்று முன், எதற்காக எவாவை ஓட்டுகிறாய் என்று ஷின்ஜி கேட்கிறான். மற்றவர்களோடு தனக்கு இருக்கிற பந்தம் இது, இதை விட்டால் தனக்கு வேறொன்றும் இல்லை என்கிறாள். இதை வாழ்க்கையின் நோக்கம் என்று சிலர் புகழ்வார்கள். நான் புகழ மாட்டேன். அந்த வேலையைக் கொடுத்ததும் கெண்டோதான். அதைத் தவிர வேறெதுவும் அவளுக்கு இல்லாமல் வளர்த்ததும் அவர்தான். முதல் ரேய் சிறு குழந்தையாக இருந்தபோதே கொல்லப்பட்டதும், இறந்தால் மாற்றி வைக்கத் தொட்டியில் உடல்கள் மிதப்பதும் பிறகுதான் நமக்குத் தெரிகிறது. நான் போனாலும் இன்னொருத்தி வருவாள் என்கிற நினைப்போடு வளர்ந்த பெண்ணுக்கு 'நான்' என்று சொல்லவே காரணம் வேண்டியிருக்கிறது.

22ஆவது எபிசோடில் லிஃப்டில், எவா ஓட்டுகிற இன்னொரு பெண்ணான அசுகாவும் ரேயும் நிற்கிற காட்சி உனக்குச் சலிப்பாக இருந்தது என்றாய். ஏறத்தாழ ஒரு நிமிடம் ஒருவரும் அசைவதில்லை, உண்மைதான். பிறகு ரேய் வாயைத் திறக்கிறாள். பேச்சு முற்றி, அசுகா அவளைப் பொம்மை என்கிறாள். நான் பொம்மை இல்லை என்கிறாள் ரேய். தளபதி இகாரி சாகச் சொன்னால் செத்துவிடுவாய்தானே என்கிறாள் அசுகா. ஆமாம் என்கிறாள் ரேய். பளாரென்று ஓர் அறை விழுகிறது. அடுத்தடுத்து வருகிற அந்த இரண்டு பதில்களையும் சேர்த்துக் கேள். பொம்மை இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பொம்மையைப் போல நடக்காமல் இருக்க அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ரேயின் கதை முழுக்க இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

அதற்கடுத்த எபிசோடில் ஷின்ஜியைக் காப்பாற்ற அவள் தன் எவாவையே வெடிக்க வைக்கிறாள். யாரும் கட்டளையிடவில்லை. அதில் அவள் சாக, அவள் இடத்துக்கு வந்த மூன்றாவது ரேய் அந்த அறைக்குத் திரும்பி, கண்ணாடியைக் கையில் எடுத்து நசுக்கப் பார்க்கிறாள். கை நடுங்குகிறது, கண்ணீர் விழுகிறது, ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. தொடரில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது. நினைவு தொலைந்தவளிடம் வருத்தம் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது.

1997இல் வந்த 'தி எண்ட் ஆஃப் எவாங்கேலியன்' படத்தை நீ இன்னும் பார்க்கவில்லை என்றாய். கொடூரமான காட்சிகள் உண்டு. தனியாக, ராத்திரியில் பார்க்க வேண்டாம். அதில் கெண்டோ இத்தனை வருடம் போட்ட திட்டம் முழுவதும் ரேயின் உடலை நம்பியே நிற்கிறது. கடைசி நொடியில் அவள் மறுத்துவிடுகிறாள். நான் உங்கள் பொம்மை இல்லை என்று அவரிடமே சொல்கிறாள். ஏன் என்று கெண்டோ கேட்க, நான் நீங்கள் இல்லையே என்கிறாள். லிஃப்டில் சொன்ன அதே சொல்தான். இந்த முறை கட்டளைக்கு 'ஆமாம்' என்ற பதில் வரவில்லை. 'நான் யார்' என்று உள்ளே தோண்டித் தோண்டிக் கண்டுபிடித்த பதில் இல்லை இது. எதைச் செய்ய மாட்டேன் என்பதில் தொடங்குகிற பதில். இதற்குப் பிறகும் கடைக்காரர்கள் அவளை விதவிதமான பொம்மையாக்கி விற்றுத் தள்ளியதை என்னவென்று சொல்ல!

இதே கதையைப் புதிதாகச் சொன்ன படவரிசையில், 2021இல் வந்த கடைசிப் படத்தில் இன்னொரு ரேய் வருகிறாள். அவளும் நகல்தான். பேரழிவில் தப்பியவர்கள் வாழும் கிராமத்தில் பெண்களோடு சேற்றில் இறங்கி நாற்று நடுகிறாள், தடுமாறி விழுகிறாள், வேலை என்றால் என்ன என்று கேட்கிறாள். குழந்தையைத் தூக்குகிறாள், படப் புத்தகம் படிக்கிறாள். தனக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்று ஷின்ஜியிடம் கேட்கிறாள். அவனுக்கு அயனாமியைத் தவிர வேறு பெயர் தோன்றவில்லை. அவளுடைய உடல், எவாக்களை இயக்குகிற நெர்வ் அமைப்புக்கு வெளியே நீடிக்காது. போவதற்கு முன் அவளுக்கு இருந்த ஆசைகளில் ஒன்று, நெல் அறுவடை செய்து பார்க்க வேண்டும் என்பது. உலகைக் காப்பாற்றுவது அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனி.

அதனால் யாழினி, எந்தக் கோர்ஸ் என்று இன்னும் தெரியவில்லையென்றால் தெரியவில்லை என்றே அப்பாவிடம் சொல். எது வேண்டாம் என்பது தெரிந்தால் அதையும் சொல். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு தலையாட்டாதே. அந்த 1997 படத்துக்குப் போவதற்கு முன்னால், பழைய காட்சிகளின் தொகுப்பு என்று நீ பாதியில் விட்ட 14ஆவது எபிசோடை முழுவதும் பார். அதன் பிற்பாதியில் ரேய் தனக்குள் பேசிக்கொள்கிறாள். அதைக் கேட்டுவிட்டு உனக்கு என்ன தோன்றியது என்று எழுது.

அன்புடன்,
சித்தி