தென்னையோலையை வாட்டும் சுருள் வெள்ளை ஈ

உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம், பல்லடம் தாலுகாக்களில் தென்னை வளர்க்கும் குடியானவர்கள் சுருள் வெள்ளை ஈயின் உபத்திரவத்தை நன்கறிவார்கள். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி, இந்தியாவில் 2016-ஆம் வருஷம் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில் முதலில் காணப்பட்டு, பின்னர்ப் பல ஜில்லாக்களுக்கும் பரவியது. இதைக் கண்டவுடன் விஷமருந்து தெளிக்க முற்படுவோர் பலர். அதனால் விளையும் கெடுதியையும், செய்யத்தக்க பரிகாரத்தையும் இங்கு கூறுவோம்.

சேதத்தின் விதம்

தாய் ஈ ஓலையின் அடிப்புறத்தில் சுருள் வடிவமாக முட்டையிட்டு, வெண்மையான மெழுகுப் பொடியால் மூடுகிறது. குஞ்சுகள் ஓலையில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகின்றன. அவை கழிக்கும் தித்திப்பான பசைநீர் கீழோலைகளின் மேற்புறத்தில் விழ, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. வெயில் ஓலையில் படாமையால் மரம் தனக்கு வேண்டிய உணவைத் தயாரிக்கும் சக்தி குன்றுகிறது. வாழை, கொய்யா, சப்போட்டா முதலியவற்றிலும் இவ்வீ தங்கும்.

நமக்குத் துணையான பூச்சி

என்கார்சியா என்னும் மிகச் சிறிய குளவியினம் இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கிறது. ஓலையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் இதை அறியலாம். ஈ வெளிவந்த கூட்டில் கிழிசல் காணப்படும். குளவி வெளிவந்த கூட்டிலோ வட்டமான துவாரம் இருக்கும். வட்டத் துவாரங்கள் காணப்படும் தோப்பில் விஷமருந்து தெளிப்பவர் தம் காவற்காரனையே கொன்றவராவார். மெழுகுப் பொடியின் மறைவில் ஈ தப்பிப் பிழைத்து, எதிரியில்லாமல் மீண்டும் பெருகும்.

செய்யத்தக்கவை

1. மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு 8 முதல் 10 வரை, ஆளுயரத்தில் கட்டுக. பறக்கும் ஈக்கள் அதில் ஒட்டும்.

2. விசைத் தெளிப்பானால் ஓலையின் அடிப்புறத்தில் வெறுந் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுக.

3. கரும்பூசணத்தின்மேல், லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா வீதம் காய்ச்சிய கஞ்சியை ஆறவைத்துத் தெளிக்க, அது காய்ந்து பூசணத்துடன் உதிரும்.

4. குளவி உள்ளே வளர்ந்து இன்னும் வெளிவராத கூடுகளுடன் ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவி இல்லாத தோப்பின் ஓலைகளில் செருகுக.

சங்கத்தின் கடமை

ஈக்கு வேலியும் வரப்பும் தடையல்ல. ஒருவர் காத்த குளவி, அண்டைத் தோப்பில் தெளித்த மருந்தால் மடியக்கூடும். வீட்டு இளைஞர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் செல்வதால் தோப்பு வேலைக்கு ஆள் குறைந்த ஊர்களில் தனித்தனியே முயல்வதும் கடினம். ஆகவே சங்க அங்கத்தினர்கள் ஒன்றுகூடி, விசைத் தெளிப்பானைப் பொதுவில் வாங்கி முறை வைத்து உபயோகிப்பதும், மஞ்சள் தாள்களை ஒரே வாரத்தில் எல்லாத் தோப்புகளிலும் கட்டுவதும், ஓலையைச் சோதிக்காமல் எவரும் மருந்து தெளிப்பதில்லை எனத் தீர்மானிப்பதும் நலம். சந்தேகமுள்ளவர்கள் ஆழியாறிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் ஓலையைக் காட்டி ஆலோசனை பெறுவார்களாக.