பழைய நீளத்தை மறவாத கம்பி



கித்துல்கலப் பக்கம் மழைக்குப் பேர்போனது. இடம்பெயர்ந்து வந்து, பிறர் எப்போதோ கட்டிய கட்டடங்களில் குடியிருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "மேல்தட்டு வெடித்துக் கம்பி தெரிகிறதே, சீமெந்து பூசினால் போதாதா?" போதாது. ஏன் என்று பார்ப்போம்.

கொங்கிறீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால்தான் உள்ளே உருக்குக் கம்பி வைக்கிறோம். புதிய கொங்கிறீட்டின் காரத்தன்மை அக்கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காலப்போக்கில் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு உட்புகுந்து அக்காரத்தன்மையைக் குறைத்துவிடும். பிறகு ஈரமும் சேர்ந்தால் துருதான். துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம்பிடிப்பதால் கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே பூசும் சீமெந்து நோயை மறைக்குமே தவிர மாற்றாது.

பாலங்களும் பொல்பிட்டியவில் 1969இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையம் போன்றவையும் கொங்கிறீட்டை நம்பியே நிற்கின்றன. இத்தகைய பெரிய வேலைகளுக்கு இப்போது ஒரு புதிய வழி உண்டு. 1982இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இரும்பு, மங்கனீசு, சிலிக்கன் சேர்ந்த கலப்புலோகத்தில் ஒரு விந்தையைக் கண்டார்கள். இழுத்து நீட்டினால் நீண்டபடி கிடக்கும். சூடாக்கினால் பழைய நீளத்திற்குத் திரும்பப் பார்க்கும். இதையே வடிவ நினைவு என்கிறார்கள். இதே குணமுள்ள நிக்கல்-டைட்டானியக் கலப்பில் இரத்தக் குழாயை விரித்து வைக்கும் வலைக்குழாய்களும் செய்கிறார்கள். ஆனால் அதன் விலை பாலங்களுக்குக் கட்டாது.

சுவிற்சர்லாந்தின் எம்பா ஆய்வுநிலையம் இரும்புக் கலப்பைக் கட்டட வேலைக்கு ஏற்றதாக்கியது. முதலில் வளையின் மேற்பரப்பில் காடி வெட்டுவார்கள். முன்கூட்டியே நீட்டிய கம்பியை அதில் வைத்துச் சாந்து நிரப்புவார்கள். சாந்து இறுகியதும் மின்சாரம் பாய்ச்சி ஏறத்தாழ 160 பாகை செல்சியசுக்குச் சூடாக்குவார்கள். கம்பி சுருங்க முயலும்; சாந்து விடாது. ஆகவே அந்த இழுவை முழுவதும் கொங்கிறீட்டை நெருக்கிப் பிடிக்கிறது. ஆறிய பின்னும் அப்பிடி நிற்கும். ஜாக்கி வைத்து இழுக்க இடமில்லாத இடத்திலும் இது முடியும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பாலத்தின் வெடித்த வளையில் இவ்வகைக் கம்பிகளைப் பொருத்திச் சூடாக்கியபோது, வெடிப்பின் அகலம் ஏறத்தாழ 40 வீதம் குறைந்ததென 2001இல் எழுதினார்கள்.

ஆனால் உக்கிய கொங்கிறீட்டில் இந்தக் கம்பியும் நிலைக்காது. பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டுமல்லவா? துருவை அகற்றுவதுதான் அங்கும் முதல் வேலை. நம் வீட்டுக்கு இக்கம்பி வரப்போவதில்லை, முதல் வேலை மட்டும் நம்முடையதே. தட்டின் மேல் நீர் தேங்காமல் வழிவிடுங்கள். ஓரமாக நின்று நீண்ட தடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை கேட்டால் அவ்விடம் கழன்றிருக்கிறது. மேசன் அதைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பளிச்சென்று தேய்த்த பின்பே பூச வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பூசவே விடாதீர்கள். கிராம உத்தியோகத்தர் மூலமாகப் பொறியியலாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை பிள்ளைகளை அத்தட்டின் கீழ் படுக்க வைக்க வேண்டாம்.